எண்டோமெட்ரியோசிஸ் சிறப்புச் சிகிச்சை: எங்கள் மருத்துவமனை எதை முதலில் மாற்ற வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பதினேழு வயதில் தொடங்கிய மாதவிடாய் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது இருபத்தெட்டாவது வயதில்தான். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, வலியையும் ஒட்டுதல்களையும் உண்டாக்கும் நோய் இது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் ஆறு மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் குடல் எரிச்சல் நோய் என்றார். இருவர் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை எழுதினார்கள். மற்றவர்கள் மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்றோ, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றோ சொல்லி அனுப்பினார்கள். இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்று நடத்தி 2020இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, நோயைக் கண்டறியச் சராசரியாக 8 ஆண்டுகள் ஆகின்றன என்றும், பத்தாண்டுகளாக அந்தத் தாமதம் குறையவே இல்லை என்றும் சொன்னது.

நான் இப்போது சிகிச்சை பெறும் மருத்துவமனை தன் எண்டோமெட்ரியோசிஸ் பிரிவைச் சீரமைக்க முடிவெடுத்து, அதற்கான ஆலோசனைக் குழுவில் நோயாளிகள் சார்பில் என்னையும் இன்னொருவரையும் சேர்த்திருக்கிறது. நான்கு பக்கங்களுக்குள் எங்கள் பரிந்துரையை எழுதித் தர வேண்டும். முதல் வரைவில், காத்திருப்புக் காலம் குறைய வேண்டும், வாரத்தில் இன்னொரு நாள் அறுவை அரங்கு ஒதுக்க வேண்டும், கூடுதலாக ஓர் அறுவை மருத்துவரை நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மூத்த மருத்துவர் ஒருவர், "இன்னோர் அறுவை மருத்துவர் வந்தால் எந்த நோயாளிக்கு என்ன மாறும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். குறை சொல்லும் தொனியில் அவர் கேட்கவில்லை. ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்நோய்க்கான சிகிச்சையைச் "சிறப்புச் சிகிச்சை" ஆக்குவது எது? இத்துறையில் பணியாற்றுவோரும், நல்ல சிகிச்சையையோ மோசமான சிகிச்சையையோ நேரில் அனுபவித்தவர்களும் சொன்னால், அந்த நான்கு பக்கங்களை உருப்படியாக எழுத முடியும் என்று நம்புகிறேன்.

மறுமொழி: மகளிர் நல லேப்ராஸ்கோப்பி அறுவை மருத்துவர்

உங்கள் மூத்த மருத்துவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கூடுதலாக ஒருவரை நியமித்தால், ஆண்டுக்கு இருபது கடினமான அறுவைகளைச் செய்து கைதேர்ந்த ஒருவருக்குப் பதிலாக, பத்துப் பத்தாகச் செய்யும் இருவர் கிடைக்கக்கூடும். கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே ஆழமாகப் பரவிய நோயை அகற்றுவது, இடைவிடாத பழக்கத்தால் மட்டுமே கைவரும் வேலை. பிரிட்டனில் எண்டோமெட்ரியோசிஸ் மையமாக அங்கீகாரம் பெற விரும்பும் மருத்துவமனை, இத்தகைய ஆழமான அறுவைகளை ஆண்டுக்குக் குறைந்தது 12 செய்திருக்க வேண்டும். இந்நோய்க்கென்றே ஒரு செவிலியரை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை பதிவு செய்ய வேண்டும். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடுமையான நோய்க்கான அறுவையைக் கோபன்ஹேகன், ஆர்ஹூஸ் ஆகிய இரு நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் மட்டுமே செய்வது என்று வைத்திருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறுவை அரங்கில் நான் காணும் காட்சியைக் கொண்டே சொல்கிறேன். லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே செலுத்தியதும் கருப்பையின் பின்புறம் தெரிய வேண்டும். கடுமையான நோயில் அது தெரியாது. மலக்குடல் மேலே இழுக்கப்பட்டுக் கருப்பையின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும், இரண்டு சினைப்பைகளும் தத்தம் இடத்தை விட்டு நடுவே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படியொரு நோயை எதிர்பாராமல் உள்ளே சென்ற மருத்துவர், கண்ணில் படும் புள்ளிகளைச் சுட்டுப் பொசுக்கிவிட்டு, சாக்லேட் சிஸ்ட்டிலிருந்து (சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் நீர்க்கட்டி) திரவத்தை உறிஞ்சிவிட்டு வெளியே வந்துவிடுவார். அடியில் இருக்கும் கட்டி அப்படியே இருக்கும். வலி திரும்பும், சிஸ்ட் மீண்டும் நிரம்பும், புதிய தழும்புகளும் சேர்ந்துகொள்வதால், அடுத்து அறுவை செய்பவருக்குத் திசுக்களைப் பிரித்தெடுப்பது இருமடங்கு கடினமாகும். அந்த நிலையில் முதல் மருத்துவர் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு, எதையும் தொடாமல் வெளியே வந்து, நோயாளியை உரிய மையத்துக்கு அனுப்புவதுதான். இப்படிச் செய்பவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் "பாதியில் விட்டுவிட்டார்" என்ற பழி அவர்மீதுதான் விழுகிறது. உங்கள் பரிந்துரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அறுவைக்கு முன்பே குடல் அறுவை மருத்துவர், சிறுநீரகவியல் மருத்துவர், ஸ்கேன் மருத்துவர், கருத்தரிப்பு நிபுணர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து அந்த நோயாளியின் படங்களைப் பார்க்கும் கூட்டம் வாராவாரம் நடக்கிறதா என்று கேளுங்கள். சினைப்பைச் சிஸ்ட்டின் உறையை உரித்தெடுக்கும்போது நல்ல கருமுட்டைகளும் கூடவே போய்விடுகின்றன; முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு அதன்பின் குறைவதைத் தொடர்ந்து பார்க்கிறோம். ஆகவே, குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணிடம் அறுவைக்குப் பிறகு இதைப் பேசுவது காலங்கடந்த பேச்சு.

இறுதியாக ஒன்று. நோயின் பரவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்த நிலைக்கும் வலியின் கடுமைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. முதல் நிலையிலுள்ள ஒருவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் இருக்கலாம். நான்காம் நிலையிலுள்ள ஒருவருக்குக் குழந்தையின்மைப் பரிசோதனையின்போதுதான் நோய் இருப்பதே தெரியவரலாம். எனவே, "எந்த நிலை?" என்பதை மட்டும் பார்த்து வரிசையில் முன்னே பின்னே வைக்கும் பிரிவு, நோயாளிகளுக்கு நியாயம் செய்யாது.

மறுமொழி: ஸ்கேன் மருத்துவர்

அறுவை அரங்கில் எதிர்பாராத காட்சியைக் கண்டு திகைக்க வேண்டியதே இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் நோயை உறுதிப்படுத்த முடியும் என்ற பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. படப் பரிசோதனையில் எதுவும் தெரியாதபோதோ, மருந்துகள் பயன் தராதபோதோ, மருந்து பொருந்தாதபோதோதான் நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி தேவை என்கிறது அது. ஆழமான நோயையும் சினைப்பைச் சிஸ்ட்டுகளையும் தேர்ந்த கைகளில் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் நன்றாகவே காட்டிவிடும்.

"தேர்ந்த கைகளில்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கமான இடுப்பு ஸ்கேனில் கருப்பையின் அளவையும் சினைப்பைகளில் கட்டி உண்டா என்பதையும் பார்த்து "இயல்பு" என்று எழுதிவிடுவார்கள். 2016இல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்த முறைப்படி பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்யும்போது, சினைப்பைகள் அசைகின்றனவா, எந்த இடத்தைத் தொட்டால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறது என்பதையும் பார்க்கிறோம். கருவியால் மெல்ல அழுத்தும்போது மலக்குடல் கருப்பையின் பின்சுவரின்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே கல்லாக நகர்ந்தால் அங்கே ஒட்டுதல் இருக்கிறது. ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் இது தெரியும். அறிக்கையோடு ஒட்டி அனுப்பும் நிழற்படத்தில் தெரியாது. ஆகவே அறிக்கையில் "நோய் இல்லை" என்று எழுதுவதைவிட, எவற்றையெல்லாம் பார்த்தோம், எவற்றைப் பார்க்கவில்லை என்று எழுதுவதே நேர்மை. வயிற்று உட்சுவரில் மேலோட்டமாகப் படர்ந்த நோய் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதால், இயல்பான ஸ்கேனைக் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

மறுமொழி: நோயாளி, வயது 41

எனக்கு இடப்பக்கச் சிறுநீரகம் இப்போது 14 விழுக்காடுதான் வேலை செய்கிறது. சிறுநீர் கழிப்பதில் எரிச்சலோ, விலாப்பக்கம் வலியோ எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. மாதவிடாய் வலி மட்டுமே இருந்தது, அதற்குச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை ஸ்கேன் எடுத்தார்கள், ஐந்தும் அடிவயிற்றோடு நின்றுவிட்டன. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயை நோய் வெளியிலிருந்து நெரித்துக்கொண்டிருந்தது. மேலே சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருந்தது. வேறொரு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில்தான் அது தெரிந்தது. ஸ்கேன் எடுத்தவர் கருவியைச் சற்று மேலே நகர்த்தி இன்னும் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் போதும் என்று பின்னர் எனக்கு அறுவை செய்தவர் சொன்னபோது, அந்த ஒரு நிமிடத்தை நினைத்து நெடுநேரம் அழுதேன்.

ஆழமான நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே இரண்டு சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். இதற்குப் புதிய கருவியோ புதிய பணியாளரோ தேவையில்லை.

மேலே மருத்துவர் சொன்னது போல் எல்லாவற்றையும் இரண்டு மூன்று பெரிய மையங்களில் குவித்தால் தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று சிலர் கேட்பார்கள். நான் அறுவைக்காக நான்கு மணி நேரம் பயணம் செய்து போனேன். அந்தத் தூரம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. அதற்கு முன், யாரிடம் போக வேண்டும் என்றே தெரியாமல் கழிந்த மூன்று ஆண்டுகள்தான் இன்றும் பாரமாக இருக்கின்றன.

மறுமொழி: எண்டோமெட்ரியோசிஸ் பிரிவின் ஒருங்கிணைப்புச் செவிலியர்

மேலே எழுதிய சகோதரிக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்தது. அவர் சொன்னதையே நானும் வலியுறுத்துகிறேன்.

அறுவை மருத்துவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். எங்கள் பிரிவில் பதிவு செய்துள்ள பெண்களில் ஆழமான அறுவை தேவைப்படுபவர்கள் சிறுபான்மையினரே. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மருந்தோடும் வலியோடும் வாழ்பவர்கள். அறுவையை மையமாக வைத்துப் பிரிவை அமைத்தால், அறுவை வேண்டாதவர்கள் அங்கே விருந்தாளிகளாகவே இருப்பார்கள்.

என் மேசையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதன் எண் எல்லா நோயாளிகளிடமும் உண்டு. சென்ற மாதம் அழைத்த ஒரு பெண், இந்நோய்க்குத் தரப்படும் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை மூன்று வாரங்களாகச் சாப்பிடுவதாகவும், தினமும் சொட்டுச் சொட்டாக இரத்தம் படுவதால் மாத்திரை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அன்றோடு நிறுத்தப்போவதாகவும் சொன்னார். முதல் சில மாதங்களில் இப்படி ஒழுங்கற்றுப் படுவது சாதாரணம், பெரும்பாலோருக்குப் போகப்போகக் குறைந்துவிடும், மனச்சோர்வு ஏதும் தோன்றினால் மட்டும் உடனே அழையுங்கள் என்று சொன்னேன். ஆறு நிமிடப் பேச்சு. அந்த அழைப்பை எடுக்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அவர் மாத்திரையை நிறுத்தியிருப்பார். ஓராண்டு கழித்துத் திரும்பி வரும்போது அவருடைய கோப்பில் "மருந்து பயனளிக்கவில்லை" என்று பதிவாகும். அடுத்த பேச்சு அறுவையாக இருக்கும். உங்கள் மூத்த மருத்துவரின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். இன்னோர் அறுவை மருத்துவர் வந்தால் எவருக்கு என்ன மாறும் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது; தொலைபேசியை எடுக்கும் ஒரு செவிலியர் வந்தால் எவருக்கு என்ன மாறும் என்று பெயர் பெயராகச் சொல்ல முடியும்.

அறுவை முடிந்தவர்களுக்கும் இது பொருந்தும். நோயை நன்றாக அகற்றிய பிறகும் அது திரும்பக்கூடும் என்பதால், உடனே கருத்தரிக்க விரும்பாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்கிறோம். பிரிட்டனில் 405 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் கூட்டுக் கருத்தடை மாத்திரை எடுத்தவர்களுக்கும், நீண்ட நாள் செயல்படும் புரோஜெஸ்டோஜென் என்ற ஹார்மோன் ஊசியோ, அதே வகை ஹார்மோனை வெளியிடும் கருப்பைக்குள் பொருத்தும் சாதனமோ பெற்றவர்களுக்கும் மூன்றாண்டு முடிவில் வலி ஏறத்தாழ ஒரே அளவில், சுமார் 40 விழுக்காடு, குறைந்திருந்தது. ஆனால் இரண்டாம் வகையினருக்கு மறு அறுவையும் வேறு சிகிச்சைகளும் குறைவாகவே தேவைப்பட்டன. எந்தப் பெண்ணுக்கு எது ஏற்றது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிடப் புறநோயாளிச் சந்திப்பில் அது நடக்காது.

இன்னொன்று, எல்லோரும் எளிதில் மறந்துவிடுவது. பல ஆண்டுகள் வலியில் இருந்த உடலில் நரம்புகளே மிகையாக உணரத் தொடங்கிவிடுகின்றன. இடுப்புத்தளத் தசைகள் வலிக்கு அஞ்சி எப்போதும் இறுகியே இருக்கின்றன. நோயை முழுதாக அகற்றிய பிறகும் வலிக்கிறது என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தேவை, இடுப்புத்தளப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்டும் வலி சிகிச்சை மருத்துவரும். உறவின்போது வலிக்கிறதா என்பதை, உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாங்களே கேட்கிறோம். நாங்கள் கேட்காமல் அதைத் தாமாகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிரிவுக்குள் நுழையும் வாசலையும் கவனியுங்கள். நாங்கள் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். மாதவிடாயால் பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாட்கள் எத்தனை, மாதவிடாயின்போது மலம் கழிக்க வலிக்கிறதா, சிறுநீரில் இரத்தம் உண்டா, அந்த நாட்களில் வலத் தோள்பட்டை வலிக்கிறதா அல்லது மூச்சுத் திணறுகிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். தோள்பட்டைக் கேள்வியைப் பார்த்துச் சிலர் வியப்பார்கள். உதரவிதானத்தில் நோய் பரவினால் வலி அங்கேதான் தெரியும், நெஞ்சறைக்குள் பரவினால் மாதவிடாயை ஒட்டி நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் உண்டு, அது பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே நிகழ்கிறது. இந்தத் தாள் வந்த பிறகு எங்களிடம் வரும் பெண்களின் வயது குறைந்து வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். பதினேழு வயதுப் பெண்ணை இருபத்தெட்டு வயது வரை காக்க வைக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவை முதலிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. சிறப்பு மையத்தின் அறுவை உண்மையிலேயே பயன் தருகிறது என்பதற்கு நிர்வாகம் சான்று கேட்கும். எங்கள் மருத்துவமனையில் அதற்கான பதிவு எதுவும் இல்லை. அதை எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி: மகளிர் நல லேப்ராஸ்கோப்பி அறுவை மருத்துவர்

முதலில், செவிலியர் அம்மா என்னோடு வேறுபட்ட இடத்தில் அவர் சொல்வதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கடினமான அறுவைகளை மட்டுமே ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற சிகிச்சை நோயாளிக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். 2018இல் எண்டோமெட்ரியோசிஸுக்கெனத் தேசியச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்த ஆஸ்திரேலியா, பின்னர் முதல்நிலை மருத்துவத்தோடு இணைந்த இடுப்பு வலி நிலையங்களைத் திறந்தது இந்த நோக்கத்தில்தான்.

சான்றைப் பொறுத்தவரை, பிரிட்டனின் மையங்களில் ஆழமான அறுவை செய்துகொண்ட 4,700க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகள் 2018இல் ஆய்வாக வெளிவந்தன. அறுவைக்கு முன்பும், பின்னர் 6, 12, 24 மாதங்களிலும் அவர்களே நிரப்பிய படிவங்கள் அவை. வலியும் அன்றாட வாழ்க்கைத் தரமும் ஆறாம் மாதத்திலேயே தெளிவாக மேம்பட்டு, இரண்டு ஆண்டுகள் வரை பெருமளவு நிலைத்திருந்தன. நீங்களும் அதே நான்கு கட்டங்களில் ஒரு பக்கப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். அதோடு, இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணுங்கள். அவர்கள் வேறு மருத்துவமனைக்குச் சென்றிருந்தாலும் எண்ணுங்கள். நம்மை விட்டுப் போனவர்களை நலமடைந்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு.

கேள்வி கேட்டவர்

செய்கிறேன், ஐயா. நாளை மறுநாள் குழுக் கூட்டம். அரங்கு நாளைக் கூட்டும் கோரிக்கையை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் பக்கத்தில் இப்போது மூன்று கோரிக்கைகள் உள்ளன: தொலைபேசி எண்ணோடு ஒரு முழுநேரச் செவிலியர், குடும்ப மருத்துவர்களுக்கான ஒரு பக்கத் தாள், சந்தேகம் வந்த அன்றே சிறுநீரக ஸ்கேன். மூன்றாவதை நாளையே நடைமுறைப்படுத்தலாம் என்று எங்கள் ஸ்கேன் பிரிவின் தலைவர் இன்று காலையில் தொலைபேசியில் சொன்னார். நாற்பத்தொரு வயது அக்காவுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.